போர்முனைக்குக் கேமராவோடு கிளம்பும் முன்

முதலில் திரும்பி வரும் வழியை முடிவு செய்யுங்கள், அப்புறம் போகும் வழியை யோசிக்கலாம். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த வரிசையில் இருந்துதான் வருகிறது. எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று கேட்டு வருகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் கேமரா கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம், அதற்கு ஒரு பத்திதான் ஒதுக்கியிருக்கிறேன்.

படம் நன்றாக இல்லையென்றால் நீ போதுமான அளவு நெருங்கவில்லை என்று போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா சொன்னதைப் படித்துவிட்டுத்தான் பலரும் இந்தத் தொழில் பக்கம் வருகிறார்கள். அந்தக் காப்பா 1954 மே 25 அன்று வியட்நாமில் பிரெஞ்சுப் படையோடு போனபோது, வண்டியை விட்டு இறங்கி நடந்து, கண்ணிவெடியை மிதித்து இறந்தார். அவருடைய துணைவியும் புகைப்படக்காரருமான கெர்டா தாரோ 1937 ஜூலையில் ஸ்பெயினின் புருனேதே சண்டையில், காயம்பட்டவர்களை ஏற்றிய காரின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு பின்வாங்கி வரும்போது டாங்க் ஒன்று மோதி, மறுநாள் இறந்துபோனார். இரண்டு பேரையும் யாரும் குறிபார்த்துச் சுடவில்லை. சினிமா பார்த்து நாம் கற்பனை செய்துவைத்திருக்கிற ஆபத்துக்கும் களத்தில் ஆளைக் கொல்கிற ஆபத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

எது கொல்கிறது

குண்டுச் சில்லுகள் முதலில். மோர்ட்டாரும் ஷெல்லும் உங்களைக் குறிவைக்க வேண்டியதே இல்லை, நீங்கள் நிற்கிற தெருவில் விழுந்தால் போதும். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராதாவில் டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹொண்ட்ரோஸ் என்ற இரண்டு அனுபவசாலிப் புகைப்படக்காரர்கள் ஒரே தாக்குதலில் போனார்கள்.

அடுத்தது கண்ணிவெடி. புகைப்படக்காரர் ஜோவாவ் சில்வா 2010 அக்டோபரில் காந்தஹார் பக்கம் அமெரிக்கச் சிப்பாய்களோடு நடந்துகொண்டிருந்தார். கண்ணிவெடி தேடுகிறவர்கள் முன்னால் போய்விட்ட பாதைதான், ஆனாலும் அவர் காலடியில் வெடித்தது, இரண்டு கால்களும் போயின. முன்னே போனவர் காலடியிலேயே கால் வையுங்கள் என்பது சரியான விதிதான், ஆனால் அது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது.

மூன்றாவது, உங்கள் கேமராவே. 2003 ஆகஸ்டில் பாக்தாத் அருகே அபு கிரைப் சிறைக்கு வெளியே ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் மாஸன் டானாவை ஓர் அமெரிக்கச் சிப்பாய் சுட்டார், தோளில் இருந்த கேமராவை ராக்கெட் லாஞ்சர் என்று நினைத்து. 2007 ஜூலை 12 அன்று பாக்தாத் நகரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் நமீர் நூர்-எல்தீனும் அவருடைய ஓட்டுநர் சயீத் சமாக்கும் ஹெலிகாப்டர் தாக்குதலில் இறந்ததற்கும் இதே குழப்பம் ஒரு காரணம். நீளமான லென்ஸைச் சுவர் மூலையில் இருந்து மெல்ல நீட்டும்போது எதிர்ப்பக்கம் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறை நீங்களே எதிரே போய் நின்று பாருங்கள்.

நான்காவது ட்ரோன், இதுதான் இப்போது எல்லாக் கணக்கையும் மாற்றியிருக்கிறது. முன்பு முன்வரிசையில் இருந்து சில கிலோமீட்டர் பின்னால் வந்துவிட்டால் மூச்சு விடலாம், உக்ரைனில் இப்போது பத்து, இருபது கிலோமீட்டர் பின்னால் இருக்கிற சாலையிலும் வண்டிகளைத் துரத்தி அடிக்கிறார்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அந்தோனி லாலிகான் 2025 அக்டோபர் 3 அன்று டோன்பாஸில் ட்ரோன் தாக்குதலில் இறந்தார். பிரஸ் என்று எழுதிய கவசம் அணிந்திருந்தார்.

இது தவிரக் கடத்தல், வாகன விபத்து, உங்களைக் காக்க நிறுத்தப்பட்டவனே சுடுவது. ஏபி செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆன்யா நீட்ரிங்ஹாஸ் 2014 ஏப்ரல் 4 அன்று ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது சுடப்பட்டார், சுட்டவர் ஒரு போலீஸ்காரர். அப்புறம் வேண்டுமென்றே குறிவைப்பது. 2023 அக்டோபர் 13 அன்று தெற்கு லெபனானில் எல்லையருகே திறந்தவெளியில் நின்ற செய்தியாளர் குழுவின்மேல் குண்டு விழுந்து ராய்ட்டர்ஸின் இசாம் அப்துல்லா இறந்தார். அந்தக் குண்டுகளைச் சுட்டது இஸ்ரேலிய டாங்க் என்று ராய்ட்டர்ஸின் விசாரணை சொன்னது. பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவான சிபிஜே 1992 முதல் கணக்கு வைத்திருக்கிறது, அந்தக் கணக்கில் காஸாப் போர் அளவுக்குச் செய்தியாளர்களைக் கொன்ற மோதல் வேறில்லை. இறந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே பாலஸ்தீனியர்கள், உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்குத் திரும்பி வரும் வழி என்ற ஒன்றே கிடையாது. வெளியில் இருந்து போகிற உங்களுக்கு அது இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-இன் முதல் கூடுதல் நெறிமுறை, 79-ஆம் பிரிவு: போர்ப் பகுதியில் வேலை செய்யும் பத்திரிகையாளர் பொதுமக்களில் ஒருவர், அப்படியே பாதுகாக்கப்பட வேண்டும். நல்ல சட்டம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் தெருவைக் கடக்காதீர்கள். ஒன்று மட்டும் கவனிக்கவும்: கையில் துப்பாக்கி எடுத்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே ஆபத்தில் தள்ளிவிடுகிறீர்கள். தற்காப்புக்கு என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள், துப்பாக்கியோடு நின்று செல்ஃபி எடுப்பதும் கூடாது. அந்தப் படம் என்றைக்கோ ஒரு சோதனைச்சாவடியில் உங்கள் போனில் இருந்தே வெளியே வரும்.

முதல் வேலை: ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொள்வது

இதைத்தான் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் புதியவர்கள் தள்ளிப்போடுவதும் இதைத்தான். ஹெதரிங்டன் சில்லு பட்டு ரத்தப்போக்கால், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். கூட இருந்த யாருக்கும் அந்த ரத்தத்தை எப்படிக் கட்டுவது என்று தெரிந்திருக்கவில்லை. அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் அதற்கு அடுத்த ஆண்டு ஃப்ரீலான்சர்களுக்கு (எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக வேலை செய்கிறவர்கள்) இலவச முதலுதவிப் பயிற்சி தருகிற ரிஸ்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

கை, காலில் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்கள்தான் இருக்கும், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாது. டூர்னிகே என்கிற இறுக்குப் பட்டையைக் காயத்துக்கு மேலே, உடல் பக்கமாக, ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தள்ளிக் கட்டவேண்டும், முட்டியின்மேலோ முழங்கையின்மேலோ கட்டக்கூடாது, காயம் எங்கே என்று தெரியாவிட்டால் எவ்வளவு மேலே முடியுமோ அங்கே. ரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகுங்கள். வலியில் ஆள் கத்துவார், பரவாயில்லை, நிறுத்தாதீர்கள். கட்டிய நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ எழுதுங்கள். இடையில் தளர்த்திப் பார்க்காதீர்கள், அது மருத்துவரின் வேலை. தொடையிடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் பட்டை வேலை செய்யாது, அங்கே காயத்துக்குள்ளேயே துணியைத் திணித்து (ரத்தம் உறைய வைக்கும் மருந்து தோய்ந்த காஸ் இருந்தால் நல்லது) குறைந்தது மூன்று நிமிடம் முழு எடையையும் போட்டு அழுத்தவேண்டும். நெஞ்சில் ஓட்டை விழுந்தால் அதை மூட ஒட்டுத்தாள் தனியாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டால் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆபத்தான சூழலுக்கான பாதுகாப்பு, முதலுதவிப் பயிற்சி என்று சில நாள் வகுப்புகள் நடக்கின்றன, சோதனைச்சாவடியும் கடத்தலும் நடித்துக் காட்டப்படும், செயற்கை ரத்தத்தில் வழுக்குகிற கையோடு பட்டை கட்டச் சொல்வார்கள். விலை அதிகம்தான். ஃப்ரீலான்சர்களுக்காகவே இருக்கிற ரோரி பெக் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது, விண்ணப்பித்துப் பாருங்கள். பயிற்சி முடிந்தபின் ஒரு கையால், இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு உங்கள் காலிலேயே கட்டிப் பழகுங்கள். பட்டை பையின் அடியில் இருந்தால் இல்லாத மாதிரிதான், இரண்டு கைகளில் எதுவானாலும் எட்டுகிற இடத்தில் கவசத்தில் மாட்டியிருக்க வேண்டும். கூட வருகிற எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதை உங்களுக்குக் கட்டப்போவது அவர்கள்தான்.

அடுத்தது: யாருக்காகப் போகிறீர்கள்

நல்ல படம் எடுத்துவிட்டால் யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று சொந்தக் காசில் கிளம்புவதுதான் மிக மோசமான ஆரம்பம். அடிபட்டால் தூக்கிவரப் பொறுப்பான ஒருவர் இல்லாமல் போகிறீர்கள் என்று அதற்கு அர்த்தம். சிரியாவில் இப்படிப் போன இளைஞர்கள் கடத்தப்பட்டும் கொல்லப்பட்டும் போனபின், 2014 செப்டம்பரில் ஏஎஃப்பி என்ற பிரெஞ்சுச் செய்தி நிறுவனம் ஒரு முடிவு அறிவித்தது: எங்கள் ஆட்களையே அனுப்பாத இடத்துக்குத் தானாகப் போகிற ஃப்ரீலான்சரிடம் படம் வாங்கமாட்டோம். கடுமையாகத் தோன்றலாம், எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வாங்குகிறவன் இருக்கிறவரை போகிறவனும் இருப்பான்.

எனவே கிளம்பும் முன் ஓர் ஆசிரியரிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள்: கூலி, செலவு, காப்பீடு, காயம்பட்டால் யார் வெளியேற்றுவது. சாதாரணப் பயணக் காப்பீடு போர்ப்பகுதியை வெளிப்படையாகவே விலக்கிவிடும், பொடி எழுத்தைப் படியுங்கள். போருக்கான காப்பீடு தனி, எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு அதன் உறுப்பினர்களுக்கு ஏற்பாடு செய்து தருகிறது. இதற்குப் பணம் இல்லையென்றால் போகப் பணம் இல்லை என்று பொருள்.

அப்புறம் தொடர்புத் திட்டம். வீட்டிலோ அலுவலகத்திலோ பதறாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், பாசம் அதிகம் உள்ளவரைவிட நிதானம் உள்ளவர் நல்லது. எந்தெந்த நேரத்தில் செய்தி அனுப்புவீர்கள், தவறினால் எத்தனை மணிநேரம் காத்திருப்பார், பிறகு யாரை வரிசையாகக் கூப்பிடுவார் என்று எழுதிக் கொடுங்கள். ரத்தப் பிரிவு, ஒவ்வாமை, பாஸ்போர்ட் நகல், கடத்தப்பட்டால் நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய உங்களுக்கு மட்டுமே பதில் தெரிந்த இரண்டு மூன்று கேள்விகள், இவையும் அந்த உறைக்குள் இருக்கட்டும். உயில் எழுதுவதை அபசகுனம் என்று நினைக்காதீர்கள்.

ஃபிக்ஸர்

உள்ளூரில் வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், பெரும்பாலும் ஓட்டுநர், எல்லாம் ஒருவரே. எந்தத் தெருவில் இன்று காலை குழந்தைகள் விளையாடவில்லை என்று கவனித்து வண்டியைத் திருப்புகிறவர் அவர்தான். வெளியில் இருந்து வந்த பெயர் படத்தின் கீழே வரும், இவர் பெயர் வராது, நீங்கள் விமானம் ஏறியபின் அதே ஊரில் இருக்கப்போவதும் இவர்தான். நாள்கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள், குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிற ஆள் கூடுதல் ஆபத்தையும் ஒப்புக்கொள்வார். அவருக்கும் கவசம், ஹெல்மெட், காப்பீடு. பெயர் போடலாமா என்று அவரையே கேளுங்கள், சிலருக்கு அது பெருமை, சிலருக்கு அது தூக்குக் கயிறு. அவர் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான், விவாதம் கிடையாது. அவருக்கு இருக்கிற அதே உரிமை குழுவில் எல்லோருக்கும் உண்டு, ஒருவர் திரும்பலாம் என்றால் எல்லோரும் திரும்பவேண்டும், காரணம் கேட்பது இரவில் அறைக்கு வந்தபின்.

உடம்பில் என்ன, கையில் என்ன

பழைய அமெரிக்கத் தரப் பெயரில் சொன்னால், லெவல் 3ஏ மென்கவசம் கைத்துப்பாக்கித் தோட்டாவையும் பல சில்லுகளையும் தாங்கும், ரைஃபிள் தோட்டாவுக்கு லெவல் 3 அல்லது 4 தகடு வேண்டும். பீங்கான் தகட்டைக் கீழே போட்டால் உள்ளே விரிசல் விழுந்திருக்கலாம், இரண்டாம் கையாக வாங்கும்போது கவனம். சிப்பாய்கள் உடுத்துகிற பச்சையும் காக்கியும் உருமறைப்புத் துணியும் வேண்டாம், நீலம் வழக்கம். பிரஸ் என்ற எழுத்தை ஒட்டுவதா கழற்றுவதா என்பது இடத்துக்கு இடம் மாறும், சில முனைகளில் அது காக்கிறது, சில முனைகளில் அதைப் பார்த்துத்தான் சுடுகிறார்கள், அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பல நாடுகளில் கவசத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிச்சீட்டு தேவை. காதுக்கு அடைப்பான் வாங்குங்கள்.

கேமரா: இரண்டு உடல்கள், ஒன்றில் அகல லென்ஸ், இன்னொன்றில் 70-200 மி.மீ. மாதிரி தூரத்தை இழுக்கிற லென்ஸ் ஒன்று, தூசிக்குள் லென்ஸ் மாற்றாமல் இருக்க. இரண்டு கார்டு ஓட்டை உள்ள உடல் நல்லது. சத்தமில்லாத ஷட்டர், எரியாத ஃபோகஸ் விளக்கு, பளபளக்காத திரை. கேமராவின் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள், இடத்தைப் பதிவுசெய்கிற ஜிபிஎஸ்ஸை அணையுங்கள். முடிந்தது.

களத்தில்

காலையில் கிளம்பும்போது மூன்று கேள்விகள்: இன்று எந்தப் படத்துக்காகப் போகிறோம், எந்த நேரத்தில் திரும்புகிறோம், சாலை மூடினால் வேறு எந்தச் சாலை. முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் போகாதீர்கள், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போகிற நாள்களுக்கு முடிவு நேரம் இருக்காது.

வண்டியை எப்போதும் வெளியேறும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள், சாவி எங்கே என்று எல்லோருக்கும் தெரியட்டும், டாங்கில் பாதிக்குக் கீழே எரிபொருள் இறங்கவிடாதீர்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், வெளியே கேட்கிற சத்தம்தான் முதல் எச்சரிக்கை. எதிரே ஒரு வண்டியும் வராத சாலை என்றால் நிறுத்தி யோசியுங்கள். தார் போட்ட சாலையை விட்டு இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட. காலியான வீட்டுக்குள் நல்ல வெளிச்சம் விழுகிறது என்று நுழையாதீர்கள்.

சோதனைச்சாவடியில் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், கேமராவைக் காலடியில் வையுங்கள், கைகள் தெரியட்டும், இரவானால் வண்டிக்குள் விளக்கைப் போடுங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும். அங்கே படம் எடுக்கவே கூடாது.

ஷெல் விழத் தொடங்கினால் ஓடத் தோன்றும், முதலில் படுங்கள். சில்லுகள் மேல்நோக்கி விரிந்து பறக்கும், தரையோடு ஒட்டியிருக்கிறவனுக்கு வாய்ப்பு அதிகம். இடைவெளி கிடைத்தால் கட்டடத்துக்குள் போங்கள், உக்ரைனில் இரண்டு சுவர் விதி என்பார்கள், வெளிச்சுவர் ஒன்று வெடிப்பை வாங்கும், உள்சுவர் ஒன்று சில்லை வாங்கும், கட்டடத்துக்குள் ஜன்னல் கண்ணாடி இல்லாத நடைவழிதான் நல்ல இடம். குண்டு விழுந்த இடத்துக்கு உடனே ஓடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. மீட்கிறவர்கள் கூடியதும் அதே இடத்தில் இரண்டாவது குண்டு போடுகிற வழக்கம் சில போர்களில் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் ட்ரோன் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டமாக நடக்காதீர்கள், வண்டியை மரத்தடியில் மறையுங்கள். ட்ரோனைக் கண்டுபிடிக்கிற கருவி உதவும், ஆனால் கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக்கொண்டு பறக்கிற ட்ரோன்களை ரேடியோ அலையைத் தேடுகிற அந்தக் கருவி காட்டாது, அந்த அலையைக் குழப்புகிற ஜாமரும் தடுக்காது.

இரு தரப்புக்கும் நடுவே கடப்பது தனி ஆபத்து. போர்ச் செய்தியாளர் மேரி கொல்வின் 2001 ஏப்ரலில் வன்னியில் இருந்து இரவில் ராணுவத் தரப்புக்குக் கடக்கும்போதுதான் குண்டுச் சிதறலில் ஒரு கண்ணை இழந்தார். 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில் ஷெல் தாக்குதலில் அவர் இறந்தபோது கூடவே இறந்தவர் ரெமி ஓஷ்லிக் என்ற இளம் புகைப்படக்காரர்.

ராணுவத்தோடு ஒட்டிக்கொண்டு போவது (எம்பெட் என்பார்கள்) சாப்பாடு, வண்டி, மருத்துவர் எல்லாம் தரும், ஆனால் திரும்பும் நேரத்தை நீங்கள் முடிவுசெய்ய முடியாது, நான் மேலே முதலில் சொன்ன ஒன்றையே அது வாங்கிக்கொள்கிறது. ராய்ட்டர்ஸின் டானிஷ் சித்திக்கி 2021 ஜூலையில் ஆப்கன் சிறப்புப் படையோடு போயிருந்தார். அவர் இருந்த வண்டியை ஒரு ராக்கெட் தாக்கியும் தப்பினார், சில நாள்களில் ஜூலை 16 அன்று ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். எம்பெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் படை, முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா, காயம்பட்டவர்களை எப்படி எடுத்துப்போகிறார்கள் என்று போகும் முன் கேளுங்கள்.

படம்

நல்ல போர்ப் படங்களில் பெரும்பகுதி துப்பாக்கி வெடிக்கிற இடத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. மருத்துவமனை வாசல், நிலவறை, ரயில் நிலையம், தண்ணீர் வரிசை, அடக்கம், இவைதான் போரைக் காட்டுகின்றன, அங்கே நேரமும் கிடைக்கும், பேசவும் முடியும். சுடுகிற சிப்பாயின் முதுகு எல்லாப் போரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அழுகிறவர் கை காட்டித் தடுத்தால் கேமராவை இறக்குங்கள். போர்க்கைதிகளை மக்களின் வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்று மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. அது அவர்களைப் பிடித்துவைத்திருக்கிற தரப்புக்கான விதி என்றாலும், கைதியின் முகத்தை அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் ஊரில் அவர் குடும்பம் என்னாகும் என்று நீங்களும் யோசிக்க வேண்டும். எதையும் நடிக்கச் சொல்லாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். 2003-இல் இராக்கில் இரண்டு படங்களை ஒட்டி ஒன்றாக்கிய ஒருவரும், 2006-இல் பெய்ரூட் புகையைக் கூட்டிக் காட்டிய ஒருவரும், சிரியாப் படத்தின் ஓரத்தில் தெரிந்த சக செய்தியாளரின் கேமராவை அழித்ததாக 2014-இல் வெளியே வந்த ஒருவரும் வேலை இழந்தார்கள். 2015 முதல் ராய்ட்டர்ஸ் தன் ஃப்ரீலான்சர்களிடம் கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்த படங்களை மட்டும் கேட்கிறது, ரா என்கிற மூலக் கோப்பில் இருந்து மாற்றிய ஜேபெக் வேண்டாம் என்கிறது. நீங்கள் அனுப்பப்போகிற நிறுவனத்தின் விதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படக்குறிப்பை அன்றன்றே எழுதுங்கள்: யார், என்ன, எந்த ஊர், எந்தத் தேதி, நீங்கள் பார்த்தது எது, மற்றவர் சொன்னது எது. சிப்பாய்கள் இருக்கிற கட்டடம் அடையாளம் தெரிகிற படத்தை அவர்கள் அங்கிருந்து நகரும்வரை வைத்திருங்கள், பள்ளிக்கூட நிலவறையில் மக்கள் ஒளிந்திருந்தாலும் அப்படித்தான்.

அனுப்புவதுதான் பாதி வேலை. 2022 மார்ச்சில் மரியுபோல் முற்றுகையில் ஏபிக்காக வேலை செய்த யெவ்ஹென் மலோலெட்காவும் எம்ஸ்திஸ்லாவ் செர்னோவும் கொள்ளையடிக்கப்பட்ட ஒரு மளிகைக் கடைக்கு வெளியே படிக்கட்டுக்கு அடியில் குந்தி உட்கார்ந்துதான் படங்களை அனுப்பினார்கள், நகரில் சிக்னல் கிடைத்த இடம் அதுதான். எனவே சிறிதாக்கிய பத்துப் படங்களை முதலில் அனுப்புங்கள், பெரியவை பிறகு. சாட்டிலைட் போன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், தங்குகிற வீட்டில் இருந்து பேசாதீர்கள், சுருக்கமாகப் பேசி அணைத்துவிட்டு நகருங்கள். லேப்டாப்பும் போனும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கட்டும், அனுப்பியபின் சோதனைச்சாவடியைக் கடக்கும்முன் போனில் யார் யாருடைய எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள், அதில் இருக்கிற ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் பொறுப்பு.

வந்தபிறகு

கனடாவின் மனநல மருத்துவர் ஆண்டனி ஃபைன்ஸ்டைன் குழுவின் 2002 ஆய்வில், 140 போர்ச் செய்தியாளர்களிடையே வாழ்நாளில் மனவடு நோய் வந்தவர்கள் 28.6 சதவீதம். தூக்கமின்மை, திடீர்க் கோபம், ஊரில் எல்லாமே அற்பமாகத் தெரிவது, உடனே திரும்பப் போகவேண்டும் என்ற அரிப்பு, இவை சில வாரங்களில் தணியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், டார்ட் மையம் போன்ற அமைப்புகள் செய்தியாளர்களுக்காகவே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கின்றன. அந்த அரிப்பு இருக்கும்போது அடுத்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஃபிக்ஸரின் பாக்கிப் பணம் போய்ச் சேர்ந்ததா, படம் வெளியானபின் அவருக்கு ஏதாவது தொல்லை வந்ததா என்று கேட்டுப் பேசுங்கள். மறுபடி போவதாக இருந்தால், பயிற்சி எடுத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தால் திரும்ப எடுங்கள், தகடுகளில் விரிசல் பாருங்கள், கவசத்தில் வெயிலில் தொங்கிக்கொண்டே இருந்த டூர்னிகேயைக் கழற்றிப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று மாட்டுங்கள்.